செஞ்சி மாநகர் எங்கே போயிற்று?

செஞ்சி என்றதும் கோட்டை என்கிறோம். தேசிங்கு ராஜன் என்கிறோம். நகரம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மதில் எதற்காக எழுப்பப்படுகிறது? உள்ளே காக்க வேண்டியது ஒன்று இருப்பதால்தானே! இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் செஞ்சி மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அது வளைத்துள்ள நிலம் 11 சதுர கிலோமீட்டர் அளவு. மதிலின் கனம் 20 மீட்டர் வரை செல்கிறது. வெறும் பாறைகளுக்கும் முட்புதர்களுக்கும் எவரேனும் இவ்வளவு பெரிய வேலி கட்டுவார்களா?

கி.பி. 1597-ஆம் ஆண்டு செஞ்சிக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவர் பெயர் நிக்கோலஸ் பிமெந்தா. இயேசு சபைக் குருவானவர், போர்த்துக்கல் நாட்டவர், இந்தியாவிலிருந்த தம் சபையினரைப் பார்வையிட அனுப்பப்பட்டவர். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலெல்லாம் பெரியது செஞ்சியே என்றும், லிஸ்பனைத் தவிரப் போர்த்துக்கல்லில் உள்ள எந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதி வைத்தார். தம் சொந்த நாட்டைத் தாழ்த்தி அயல்நாட்டை உயர்த்திப் பேச எவருக்கும் எளிதில் மனம் வராது. ஆகவே அவர் கூற்றை நாம் மிகை என்று தள்ளிவிட முடியாது.

அப்படியானால் அந்த மாநகர் எங்கே? மதில் இருக்கிறது, அகழி இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது. தெருக்களைக் காணோம், வீடுகளைக் காணோம். படையெடுப்பில் அழிந்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். சரித்திரத்தை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் காரணம் அவ்வளவு எளிதாக இல்லை என்பது புலப்படும். தோழியரே, அதைத்தான் இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

செஞ்சிச் சீமையின் கதையைக் கோட்டை வாசலில் தொடங்குவது பலர் வழக்கம். நாங்கள் தளவானூரில் தொடங்குகிறோம். எங்கள் ஊர் என்பதற்காக மட்டுமன்று. கோட்டைக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்பகுதியில் அரசர்கள் கல்லைத் தொட்டார்கள் என்பதற்குத் தளவானூரே சாட்சி. செஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள இச்சிற்றூரின் பாறைக்குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு குடைவரைக் கோயிலைச் செய்வித்தான். சத்துருமல்லன் என்பது அவனுடைய விருதுப்பெயர்களுள் ஒன்று. அப்பெயராலேயே அது சத்துருமல்லேசுவரம் எனப்பட்டது. முகப்பில் மகர தோரணம் வளைந்து நிற்கும். இரு பக்கமும் வாயிற்காவலர் உருவங்கள் நிற்கும். சிறிது தொலைவிலுள்ள மண்டகப்பட்டில் அதே அரசன் செய்வித்த குடைவரை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு கூறுகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்திலும் பல்லவர் காலத்துக் குடைவரை உண்டு. அங்கே பள்ளிகொண்ட அரங்கநாதரைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மேலச்சேரியில் சிவனுக்கு ஒரு குடைவரை. இந்த மேலச்சேரியைத்தான் பெரியவர்கள் பழைய செஞ்சி என்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் வேண்டியிருக்கும்.

பல்லவருக்கும் முன்னே இம்மலைகளைத் தேடி வந்தவர்கள் சமணத் துறவிகள். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசைகளில் 24 தீர்த்தங்கரர்களும் வீற்றிருக்கின்றனர். அங்கே வட்டெழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அது சொல்கிறது. அரசர்களின் பட்டப் பெயர்களைப் பக்கம் பக்கமாகப் படித்த பின்பு, இந்த ஒரு வரியைப் படிக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் இதே மலைகளில் மனிதர்கள் பட்டினி கிடந்து மாண்டது நோன்பினால் அன்று.

சோழர் காலத்தில் இப்பகுதி சிங்கபுர நாடு எனப் பெயர் பெற்றிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த விக்கிரம சோழன் உலா, செஞ்சியர் தலைவனான காடவன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. எனவே அக்காலத்திலேயே செஞ்சி ஒரு தலைவன் இருந்து ஆளத்தக்க ஊராக இருந்தது என்பது தெளிவு. மலைமேல் முதன்முதல் கோட்டை எழுப்பியது யார் என்று கேட்டால் ஊரார் ஒருமுகமாகக் கோனார்கள் என்பர். ஆனந்தக்கோன் என்பவன் ஏறத்தாழ 1200-இல் மலைமேல் அரண் அமைத்து ஆனந்தகிரி எனப் பெயரிட்டான். அதுவே இன்றைய இராஜகிரி. அவன் வழிவந்த கிருஷ்ணக்கோன் வடக்கு மலையில் அரண் அமைத்தான். அது கிருஷ்ணகிரி ஆயிற்று. இவ்வரலாறு நாராயண பிள்ளை என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்னும் நூலில் காணப்படுகிறது. வழிவழியாகக் கேட்டு எழுதப்பட்டதால் ஆண்டுக் கணக்கை அப்படியே கொள்ள முடியாது. ஆயினும், ஆடுமாடு மேய்த்த குடியிலிருந்து கோட்டை கட்டிய அரசர் தோன்றினர் என்னும் நினைவை ஊர் இவ்வளவு காலம் காத்து வந்திருப்பதே பெரிது.

செஞ்சியை மாநகராக்கியவர்கள் நாயக்கர்கள். விஜயநகரப் பேரரசின் கீழ்த் தமிழகத்தில் மதுரை, தஞ்சை, செஞ்சி என மூன்று நாயக்க அரசுகள் விளங்கின. பதினாறாம் நூற்றாண்டு முழுவதும், அதன் பின்னர் 1649 வரையிலும் செஞ்சி நாயக்கர்களின் தலைநகர். இன்று கோட்டைக்குள் நாம் அண்ணாந்து பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அவர்கள் காலத்தவை. கல்யாண மகாலைப் பாருங்கள். சதுர முற்றத்தின் ஒரு பக்கத்தில் அடுக்கின்மேல் அடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் கோபுரம். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே ஒரு சிறு அறை. மேலடுக்குகளுக்கும் சுடுமண் குழாய்கள் வழியாகத் தண்ணீர் ஏறியது! மோட்டார் இல்லாத காலத்தில் எப்படி ஏறிற்று என்று வியக்க வேண்டாம். உயரமான இடத்துக் குளத்திலிருந்து மூடிய குழாயில் வரும் நீர், தான் புறப்பட்ட மட்டத்திற்கு மறுபக்கம் தானே ஏறும். எங்கள் பௌதிகப் பாடத்தில் ‘நீர் தன் மட்டத்தைத் தானே காணும்’ என்று படித்ததைச் செஞ்சியின் குயவர்களும் கொத்தர்களும் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

ஒரு நகரம் பிழைக்க வேண்டுமானால் தண்ணீர், நெல், வாணிகம் என மூன்று வேண்டும். செஞ்சியில் இம்மூன்றும் இருந்தன. மலையுச்சியில் வற்றாத சுனைகளும், அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம், ஆனைக்குளம் முதலிய குளங்களும் உண்டு. வளைவுக் கூரையோடு கூடிய நெற்களஞ்சியங்கள் கோட்டைக்குள் நிற்கின்றன. அவற்றின் சுவர்க் கனத்தைக் கண்டால் நெல்லைத்தான் வைத்தார்களா, நவநிதியை வைத்தார்களா என்று தோன்றும். கிருஷ்ணகிரி உச்சியில் எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைக்கக் கல்லால் கட்டிய தொட்டிக் கிணறுகள்கூட உள்ளன. மூன்றாவதான வாணிகம் கடற்கரையிலிருந்து வந்தது. பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம், புதுச்சேரி எல்லாம் அன்று செஞ்சிச் சீமைக்கு உட்பட்ட கரைகள்.

பிமெந்தா அடிகளார் வந்தபோது அரியணையில் இருந்தவன் இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கன். அரசன் பட்டுடுத்து, பட்டு விரிப்பின்மேல் திண்டுகளில் சாய்ந்திருந்ததையும், முத்தும் மணியும் பதித்த சங்கிலி அணிந்திருந்ததையும் அடிகளார் வருணிக்கிறார். அரசன் தன் பொற்கலங்களைக் காட்டினானாம். குடிநீர் கொண்டுவரும் இரு பெரிய பொற்குடங்களை ஆட்கள் தோளில் சுமந்து வந்தார்களாம். நகரின் நடுவே, அதுவே ஒரு நகரம் போல, நீர் நிறைந்த அகழி சூழ உயர்ந்த கல்மதிலோடு கோட்டை நின்றது. அதன் நடுவே பாறை. இதைக் கூர்ந்து படித்தால் ஓர் உண்மை விளங்கும். கோட்டை நகரின் நடுவில் இருந்ததாம்! ஆகவே வீடுகளும் கடைத்தெருக்களும் மதிலுக்கு உள்ளே மட்டுமல்லாமல் வெளியேயும் பரந்து கிடந்தன. இன்று உழவு நடக்கும் நிலங்களும் அன்று தெருக்களாக இருந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணப்பன் இயேசு சபையாருக்கு அன்பு காட்டியவன். ஆயினும் அவனை அப்பழுக்கற்றவனாக நாம் காட்டிவிட முடியாது. சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதியை அவன் புதுப்பித்தபோது தில்லைக் கோயில் அந்தணர்கள் கடுமையாக எதிர்த்தனர். அரசன் இணங்காததால் அவர்களில் பலர் கோபுரத்தின் மேலிருந்து குதித்து உயிர் விட்டனர் என்று பிமெந்தா அடிகளாரே எழுதுகிறார். வேற்று மதத்துக் குருவை வரவேற்கும் கை, தன் நாட்டு அடியார்கள் முன் இரங்காமல் போனது நமக்கு விளங்காத புதிர்தான்.

1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படைகள் செஞ்சியைப் பிடித்தன. நாயக்கர்கள் ஒருவரோடு ஒருவர் பூசலிட்டுக் கொண்டிருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று. செஞ்சி பாதுஷாபாத் எனப் பெயர் மாறியது. பாரசீகம் ஆட்சி மொழியாக இம்மலைகளுக்கு வந்தது. சர்க்கார், தர்பார், தாசில்தார், ஜாகீர், கில்லேதார் போன்ற சொற்கள் இவ்வாறு தெற்கே வந்த ஆட்சிகளோடு தமிழில் குடியேறியவை. பாதுஷாபாத் என்னும் பெயர் மறைந்து போயிற்று. சர்க்கார் என்னும் சொல் மட்டும் எங்கள் ஊர்ப் பாட்டிமார் வாயில்கூட இருக்கிறது.

1677-இல் சத்திரபதி சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் நீண்ட நாள் இங்கே தங்கவில்லை. ஆனால் மதில்களைப் புதுப்பித்து, அகழிகளைத் தோண்டி, காவல் கோபுரங்களை எழுப்பச் செய்தார். ஐரோப்பியப் பொறியியலாரே ஒப்புக்கொள்ளும் தரத்தில் வேலை நடந்ததாக மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்களின் கடிதம் புகழ்கிறது. பிற்காலத்தில் தம் குலத்துக்கு ஓர் ஒதுங்குமிடம் வேண்டியிருக்கும் என்று அவர் முன்கூட்டியே நினைத்தாரோ என்னவோ! அவர் 1680-இல் மறைந்தார். மூத்த மகன் சம்பாஜியை 1689-இல் ஔரங்கசீப் கொல்வித்தபின், இளையவன் இராஜாராம் பன்ஹாளாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, வேலூர் வழியாகச் செஞ்சியை வந்தடைந்தான். ஆக, மராத்திய ராஜ்யம் முழுவதற்கும் சில ஆண்டுகள் செஞ்சியே தலைநகர்.

முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 செப்டம்பரில் செஞ்சியை முற்றுகையிட்டான். முற்றுகை முடிந்தது 1698-இன் தொடக்கத்தில். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! மூன்று மலைகளையும் முழுவதுமாக வளைக்க முகலாயர்களிடம் போதிய ஆள் இல்லை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் உணவு உள்ளே போகும். 1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து தாக்க, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு உள்ளானார்கள். முகலாயப் பாசறையில் தானியம் தீர்ந்தது. ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு இரகசியமாகப் பேசினான் என்று சொல்லி, அவனுடைய தளபதிகளே அவனைக் காவலில் வைத்தனர். சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது, மீண்டும் வந்தான். அவன் வேண்டுமென்றே காலம் கடத்துகிறான் என்று அவன் காலத்தவரே ஐயுற்றனர். தென்னாட்டுப் போர்களில் முகலாயப் படையோடு இருந்த பீம்சேன் என்பவர் பாரசீக மொழியில் எழுதிய நினைவுக் குறிப்புகள் இம்முற்றுகையை அறிய உதவும் சான்றுகளுள் ஒன்று. முடிவில் கோட்டை விழுவதற்குச் சற்று முன் இராஜாராம் வேலூருக்குத் தப்பினான். அவன் மனைவியரும் குழந்தைகளும் சிறைப்பட்டனர். செஞ்சிக்கு மறுபடி ஒரு புதுப்பெயர் கிடைத்தது. சுல்பிகார் கானின் பட்டமான நுஸ்ரத் ஜங் என்பதைக் கொண்டு நுஸ்ரத்கட் ஆயிற்று.

அரசர்கள் தப்புகிறார்கள், தளபதிகள் பட்டம் பெறுகிறார்கள். நெசவாளி என்ன ஆனான்? உழவன் என்ன ஆனான்? எட்டு ஆண்டுகள் இரண்டு பெரும் படைகளின் குதிரைகளும் மாடுகளும் மேய்ந்த நிலத்தில் என்ன விளைந்திருக்கும்? ஏரிக்கரை உடைந்தால் அடைக்க ஆள் இருந்திருப்பானா? சரித்திரப் புத்தகங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எங்கள் கருத்தில் மாநகர் சாகத் தொடங்கியது இந்த எட்டு ஆண்டுகளில்தான்.

அதே சமயத்தில் கடற்கரையில் வேறொன்று நடந்தது. போருக்குப் பணம் வேண்டும் அல்லவா? 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது பேச்சு. கம்பெனியார் நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலா திசையிலும் சுட்டார்கள்! குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அந்தத் தேவனாம்பட்டினக் கோட்டையே கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை. புதுச்சேரியின் கதையும் ஏறக்குறைய இதுவே. பீஜப்பூர் ஆட்சியின்போது ஷேர்கான் லோடி என்னும் அதிகாரி பிரெஞ்சுக்காரருக்கு இடம் கொடுத்தான். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் அங்கே காலூன்றினார். இப்படிச் செஞ்சியின் கரைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. நெசவாளியும் வணிகனும் சண்டை ஓயாத மலையடியில் இருப்பார்களா, கப்பல் வந்து சரக்கெடுக்கும் துறைமுகத்திற்குப் போவார்களா? மதிலை இடிக்காமலே ஒரு நகரத்தைக் காலி செய்ய இது போதும்.

இதற்குமேல் ஒரு அடி விழுந்தது. முகலாய ஆட்சியாளர்கள் செஞ்சியின் காய்ச்சலுக்கும் ஒவ்வாத தட்பவெப்பத்துக்கும் அஞ்சி ஆர்க்காட்டைத் தலைமையிடமாக்கினர். அதன்பின் செஞ்சியில் அரசவை இல்லை. காவற்படையும் ஒரு கில்லேதாரும்தான். அரசவை போனால் தட்டான் போவான், தையல்காரன் போவான், தச்சன் போவான், பூக்காரியும் போவாள்.

இந்த நிலையில்தான் நம் தேசிங்கு வருகிறான். புந்தேல்கண்டு நாட்டு இராஜபுத்திரனான சொரூப்சிங், ஔரங்கசீப்பால் 1700-ஐ ஒட்டிச் செஞ்சிக் கோட்டைக்கு அதிகாரியாக்கப்பட்டான். அவன் 1714-இல் இறக்கவே மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தேஜ்சிங் என்பதே தமிழர் நாவில் தேசிங்கு ஆனது. தந்தை வைத்துப்போன கப்பப் பாக்கியை ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்டான், இளைஞன் மறுத்தான். 1714 அக்டோபர் 3-ஆம் நாள் நடந்த சண்டையில் தேசிங்கு மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22. செஞ்சியை அவன் ஆண்டது ஓர் ஆண்டுகூட இல்லை.

நூற்றைம்பது ஆண்டுக் காலம் ஆண்டு களஞ்சியமும் குளமும் கோயிலும் கட்டிய நாயக்கர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டால் மௌனம்தான். தேசிங்கின் குதிரைப் பெயரைக் கேட்டால் நாற்பது பேரும் பாராசாரி என்பார்கள்! நண்பன் மோவுத்துக்காரன் என்கிற மகபத்கான் தன் கலியாணப் பந்தலை விட்டு நீலவேணிக் குதிரை ஏறிப் போருக்கு ஓடி வந்த கதையைக் கேட்டு அழாதவர் யார்? தெருக்கூத்து, கதைப்பாட்டு, 1960-இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படம் என்று அவன் புகழ் தலைமுறை தலைமுறையாக வருகிறது. இந்து மன்னனும் முகமதிய நண்பனும் ஒரே களத்தில் உயிர் விட்டது மக்கள் நெஞ்சைத் தொட்டதில் வியப்பில்லை. தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பர். அவள் நினைவாகச் சாதத்துல்லா கான் அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்று சொல்லப்படுகிறது. பாட்டில் அது கற்பின் பெருமையாகப் பாடப்படுகிறது. எங்களுக்கோ அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்பதே நினைவில் நிற்கிறது.

கோட்டைக்குள் 1717-18-இல் கட்டிய சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இருக்கிறது. அதில் பாரசீகக் கல்வெட்டு உண்டு. மகபத்கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் இக்கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. போரில் எதிரெதிர் நின்ற இருவர் பெயரும் ஒரே மதிலுக்குள் தொழுகைக்கூடங்களாக நிற்பது வேறு எங்கேனும் உண்டோ, தெரியவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தான். வாசலை வெடிவைத்துத் திறந்து, இருட்டிலேயே மூன்று மலைகளிலும் ஏறிவிட்டனர். விடிந்தபின் தாங்கள் ஏறி வந்த உயரத்தைக் கண்டு பிரெஞ்சுக்காரர்களே மலைத்தார்களாம். முகலாயருக்கு எட்டு ஆண்டு. புஸ்ஸிக்கு ஓர் இரவு! உள்ளே இருப்பவர்கள் மனம் வைத்துக் காக்காவிட்டால் 800 அடி உயர இராஜகிரியாலும் என்ன செய்ய முடியும்? 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் காப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் செஞ்சியும் சரணடைந்தது. 1780-இல் ஹைதர் அலி பிடித்தார். அப்போர் முடிந்தபின் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்து, காப்பதற்கு ஒன்றுமில்லாத கோட்டையாகக் கைவிடப்பட்டது.

ஆட்கள் போன வழியே கற்களும் போயின. கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. செஞ்சியிலேயே பெரிய கோயில் அது. பதினாறாம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கன் கட்டியது என்பர். அதன் மண்டபங்களில் தூண்கள் நின்ற இடம் வெறுமையாகக் கிடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரைக்குச் சுற்றுலா போனால் காந்தியடிகள் சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கருங்கல் தூண்களைப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை. துறைமுகம் தன்னை ஈன்ற நகரத்தின் மக்களை முதலில் அழைத்துக்கொண்டது. பிறகு தூண்களையும் எடுத்துக்கொண்டது.

1921-இல் கோட்டை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலை 11-ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் செஞ்சியைச் சேர்த்தது. மராத்தியர் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். இதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். மராத்தியர் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை 21 ஆண்டுகள். அவர்கள் மதிலை வலுப்படுத்தியதும் எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியதும் உலகம் அறியத்தக்கவையே. ஆனால் அவர்கள் தாங்கி நின்றது யாருடைய களஞ்சியத்து நெல்லால், யாருடைய குளத்து நீரால் என்பதையும் அங்கு வரும் வெளிநாட்டாருக்குச் சொல்ல வேண்டும். கோட்டைக்கு வழிகாட்டி வேலை பார்க்க நம் பகுதிப் பெண்கள் படித்துப் போனால் அதை அவர்களே சொல்லலாம்.

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பெயருக்கு வருவோம். மேலச்சேரி பழைய செஞ்சி. மலைகளின் நடுவே பிமெந்தா அடிகளார் கண்டது இரண்டாவது செஞ்சி. இப்போது நாம் பேருந்து ஏறி இறங்குகிற செஞ்சி, கோட்டைக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைத்தெருவூர், அது மூன்றாவது. அரசர்கள் யாரும் அதைக் கட்டவில்லை. திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் செல்லும் சாலைகள் கூடும் இடத்தில், வண்டிகள் நின்றன, கடைகள் வந்தன, வீடுகள் வந்தன. அறுவடைக் காலத்தில் அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து லாரியிலும் டிராக்டரிலும் நெல் மூட்டைகள் வந்து குவிகின்றன. தளவானூர் நெல்லும் அங்கேதான் போகிறது.